சிஆர்பி 11.4: அம்புக்குறியைப் பார்த்துப் பயந்த கதை

ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் காட்டியிருக்கலாம். நானோ கைபேசியைத் திறந்தேன். ரத்தத்தில் அழற்சி (உடம்பு தொற்றுக்கோ காயத்துக்கோ காட்டும் எதிர்வினை) எவ்வளவு என்று காட்டும் ஹெச்எஸ்-சிஆர்பி, அதாவது சிஆர்பியை நுணுக்கமாக அளக்கும் சோதனை, 11.4 என்று தடித்த எழுத்தில் இருந்தது, பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி. அதே நாளில் பார்த்த பிரஷர் 138/88. இரண்டையும் சேர்த்துத் தேடியதில், ரத்தத்தில் அழற்சி கூடுதலாக இருப்பவர்களுக்குப் பின்னாளில் உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு அதிகம் என்று வந்தது. அன்றிரவு தூக்கம் போனது.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். அழற்சிதானே பிரச்சினை, முழங்கால் வலிக்கு வாங்கி வைத்திருந்த ஐபுப்ரோஃபென் அழற்சியைக் குறைக்கும் மருந்துதானே என்று நானாகவே தினம் இரண்டு போட ஆரம்பித்தேன். பத்து நாள் கழித்து டாக்டரைப் பார்த்தபோது பிரஷர் 146/92.

"ரத்தம் கொடுத்த வாரம் சளி, காய்ச்சல் ஏதாவது இருந்ததா?" என்று கேட்டார். தொண்டை வலியும் இருமலும் இருந்தன. "அப்ப இந்த எண்ணை விட்டுடுங்க" என்றார். சிஆர்பி என்பது கல்லீரல் தயாரிக்கும் புரதம். எங்கே தொற்று வந்தாலும், காயம் பட்டாலும் சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும். தூண்டிய காரணம் போய்விட்டால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். 10-க்கு மேல் வந்தால் இதய ஆபத்தைக் கணிக்க அந்த எண் உதவாது. உடம்பு தேறிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை உப்பையும் தண்ணீரையும் தேக்கி வைக்கச் செய்யும், அதனால் பிரஷர் ஏறும் என்றார். பிரஷருக்குப் பயந்து பிரஷரை ஏற்றும் மருந்தைத் தின்றிருக்கிறேன்!

இரண்டு வாரம் கழித்து வேறொரு லேபில் எடுத்தேன். 0.42 என்று வந்தது. 11.4-இலிருந்து 0.42! வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டினார். முதல் லேப் லிட்டருக்கு மில்லிகிராம் என்று போட்டிருந்தது, இவர்கள் டெசிலிட்டருக்கு, அதாவது லிட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு. லிட்டர் கணக்குக்கு மாற்றினால் என் எண் 4.2. லிட்டர் கணக்கில் 1-க்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-ஐத் தாண்டினால் அதிகம். சொன்னவர்களிடமெல்லாம் திரும்பப் போய்ச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

சரி, இதைக் குறைக்க என்ன மருந்து என்று கேட்டேன். அதற்கென்று மருந்து வேண்டாம் என்றார். 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 20,525 பெண்களை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கவனித்ததில், சிஆர்பி கூடுதலாக இருந்தவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் அதிகமாக வந்தது உண்மை. ஆனால் மரபிலேயே சிஆர்பி கூடுதலாக இருப்பவர்களை ஆராய்ந்தபோது அவர்களுக்கு பிரஷர் அதற்கேற்ப ஏறியிருக்கவில்லை. அதனால் சிஆர்பியைக் குற்றவாளியாக்காமல், அது எதனால் ஏறுகிறது என்று தேடச் சொன்னார்.

தேடினால் எல்லாம் கண் முன்னாலேயே இருந்தது. வயிற்றுக் கொழுப்பு சும்மா தொங்குவதில்லை, கல்லீரலைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. அப்புறம் ஈறு. ஒரு வருடமாகப் பல் துலக்கும்போது ரத்தம் வந்துகொண்டிருந்தது, நான் பிரஷைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பல் மருத்துவரிடம் மூன்று முறை போய் ஈறுக்கு அடியில் சுத்தம் செய்துகொண்டேன்.

வீட்டில் பிரஷர் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை, ஏழு நாள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி. பேசாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வலி மாத்திரையை நிறுத்திய பிறகு எனக்கு வந்த சராசரி 132/84. வீட்டில் 135/85-ஐ எட்டினால்தான் உயர் ரத்த அழுத்தம் என்பது அவர் வைத்திருந்த அளவு. நான் மயிரிழையில் தப்பினேன்.

மூன்று மாதத்தில் எடை ஐந்து கிலோ குறைந்தது. சிஆர்பி 2.6, பிரஷர் 126/80. இதில் எது எதைக் குறைத்தது என்று கேட்டேன். "எல்லாத்தையும் ஒண்ணாப் பண்ணிட்டு இப்பக் கேட்டா எப்படி?" என்று சிரித்தார். ஆறு மாதத்தில் மறுபடி சிஆர்பி பார்க்கட்டுமா என்றதற்கு, "வேண்டாம், பிரஷர் நோட்டை மட்டும் கொண்டு வாங்க" என்றார்.