பூமுடியும் மொட்டையும்: தேரிக்காட்டில் ஒரு பங்குனி உத்திரம்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் வெளியூரில் சந்தித்துக்கொண்டால் ஊர், தெரு, சொந்தபந்தம் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். "உங்க சாஸ்தா எது?" சாஸ்தா என்றால் எங்கள் பக்கம் குலதெய்வமாகக் கும்பிடுகிற அய்யனார். மஸ்கட்டில் ரூவி பக்கம் முடிவெட்டப் போன இடத்தில்கூட என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரே சாஸ்தா என்று தெரிந்தால் அந்த நிமிடமே அண்ணன் தம்பி. பெண் கொடுக்கல் வாங்கல் பேச்சு அதோடு சரி.

எங்களுக்குத் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார். சிலருக்கு மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார். மலைப்பக்கத்து ஆட்கள் பலருக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார். தங்கள் சாஸ்தா எது என்றே மறந்துபோன குடும்பங்களும் உண்டு. அவர்கள் காரையாருக்குப் போய்க் கும்பிட்டால் போதும், எல்லா சாஸ்தாவுக்கும் அவர்தான் மூலம் என்பார்கள். மற்ற ஊர்களில் பங்குனி உத்திரம் என்றால் முருகன், காவடி, பழநி. எங்களுக்கு அது சாஸ்தா நாள். தீபாவளிக்கு வராதவன்கூட அன்றைக்குச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் ரயிலேறி வந்துவிடுவான்.

நான் வராதவன். கடைசியாக 2018-இல் வந்தது. அதன் பிறகு 2025 ஏப்ரலில்தான், மனைவியையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினேன். வளைகுடாவில் இருக்கும் தென்மாவட்டத்துக்காரர்கள் பலருக்கும் அதுதான் விமான நிலையம். தம்பி கார் கொண்டு வந்திருந்தான். களியக்காவிளை தாண்டியதும் பெயர்ப்பலகைகள் தமிழுக்கு மாற, மகள் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். நாகர்கோவிலில் இட்லி. அப்புறம் அஞ்சுகிராமம் வழியாகக் கடற்கரைச் சாலை. கூடங்குளத்தில் அணு உலைக் கூண்டுகள், உவரி, மணப்பாட்டில் மணல்குன்றின் மேல் நிற்கிற சிலுவைக் கோயில், குலசேகரன்பட்டினம். "இங்கதான் ராக்கெட் விடப் போறாவ" என்று தம்பி மகளுக்குக் காட்டினான். அவள் எங்கே ராக்கெட் என்று பனைமரங்களுக்கு நடுவே வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம். காரை விட்டு இறங்கியதும் அம்மா என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எய்யா, இளைச்சிட்டியே" என்றாள். மஸ்கட்டில் எனக்கு மருத்துவர் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். கூடத்தில் அப்பா படம். அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்பா இறந்தது 2020 ஏப்ரல் கடைசியில். அந்த வருசத்துப் பங்குனி உத்திரம் சரியாக ஊரடங்குக்குள் வந்து மாட்டிக்கொண்டது. கோயில்கள் பூட்டியிருந்தன. அப்பா வீட்டு முற்றத்திலேயே மூன்று செங்கல்லை வைத்து, அய்யனார் கோயில் இருக்கும் செம்மணல் தேரியின் திசையைப் பார்த்துப் பொங்கல் விட்டார். கைப்பேசியில் எனக்கும் காட்டினார். புகைதான் தெரிந்தது. அந்த மாதமே போய்விட்டார். மார்ச் கடைசி வாரத்திலிருந்தே வெளிநாட்டு விமானம் கிடையாது. அரசு ஏற்பாட்டில் முதல் விமானங்கள் கிளம்பியதே மே 7-இல்தான். இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு. தம்பி கொள்ளி வைத்தான், மொட்டை போட்டான். நான் மஸ்கட்டில் அறைக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விமானம் விட்டார்கள், தனிமைப்படுத்தல் என்றார்கள், வேலை மாறினேன். ஒவ்வொரு வருசமும் ஒரு காரணம் கிடைத்தது. அப்பா இல்லாத வீட்டுக்குள் எப்படி நுழைவது என்பது எல்லாக் காரணத்துக்கும் அடியில் இருந்தது.

சாமி விஷயத்திலும் அப்படித்தான். மஸ்கட்டில் முத்ரா பக்கத்துச் சிவன் கோயிலுக்குச் சிவராத்திரிக்குப் போவேன். கூட்டத்தில் நம்மூர் முகங்களைப் பார்க்கலாம் என்பதற்காக. கையெடுத்துக் கும்பிட்டால் மனதில் ஒன்றும் ஓடாது. நம்பிக்கை போய்விட்டது என்று சொல்லும் அளவுக்குக்கூட நான் அதைப் பற்றி யோசித்ததில்லை.

உத்திரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பெரியப்பா நீள நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் வகையறாவில் வேன் வாடகை, விறகு, அன்னதானம் எல்லாவற்றுக்கும் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணம் முடித்த ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. நோட்டைப் புரட்டினேன். அப்பா பெயருக்கு நேரே 2020 வரைக்கும் டிக். கோயிலுக்கே போகாத அந்த வருசத்துக்கும் வரி கட்டியிருக்கிறார். அதற்குக் கீழே என் பெயர். 2019-லிருந்து ஒரு வருசம் விடாமல் டிக். ஒரு பைசா நான் அனுப்பியதில்லை.

தம்பியைப் பார்த்தேன். "நான்தான் கெட்டுனேன். வரி நின்னா ஆளு இல்லன்னு ஆயிரும்லா" என்றான்.

மொத்தத்தையும் தந்துவிடுகிறேன் என்றேன். "தா. வட்டி வேண்டாம்" என்றான்.

வந்ததிலிருந்து எத்தனையோ பேர் என்னிடம் என்னென்னவோ கேட்டார்கள். சம்பளம், மகள் படிப்பு, மஸ்கட்டில் மழை பெய்யுமா என்பது வரைக்கும். சாமி மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நோட்டில் பெயர் இருக்கிறது, வரி கட்டியாயிற்று, ஆளும் வந்துவிட்டான். அய்யனாருக்கும் எங்களுக்கும் உள்ள கணக்கு அவ்வளவுதான் போல.

அன்றைக்கு ராத்திரியே அடுத்த பஞ்சாயத்து. பிள்ளைக்கு முதல் முடி குலதெய்வத்துக்குத்தான் எடுக்க வேண்டும். எங்கள் மகளுக்கு அது நடக்கவே இல்லை. அம்மா தொலைபேசியில் ஆறு வருசமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், நாங்களும் அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது அவளுக்கு இடுப்பு வரைக்கும் முடி. மொட்டை என்ற சொல்லைக் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். மைனி, அதாவது அண்ணி, மிட்டாய் காட்டினாள். தம்பி மகன் தன் மொட்டைப் படத்தைக் காட்டினான், அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. கடைசியில் பெரியப்பாதான் தீர்ப்புச் சொன்னார். "பொம்பளப் பிள்ளைக்கு மூணு கத்திரி பூமுடி போதும். அய்யன் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு. மொட்டைய நீ போடு."

சரி என்றேன். உடனே சரி என்று சொன்னது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. விடியுமுன்பே வேன் கிளம்பிவிட்டது. பரமன்குறிச்சி, காயாமொழி வழி. காயாமொழி தாண்டினால் நிலம் நிறம் மாறும். குதிரைமொழித் தேரி ஏறத்தாழ 12,000 ஏக்கர், முழுக்கச் செக்கச்செவேலென்ற மணல். மணல் துகளைச் சுற்றி இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால்தான் இந்த நிறம் என்று புவியியல்காரர்கள் சொல்கிறார்கள். ஆடிக்காற்றில் மேடுகள் இடம் மாறும். மணலைப் பிடித்துவைக்க நட்ட கொல்லாமரங்களும் (முந்திரி) உடைமரமும் பனையும்தான் நிழல். காலையில் கால் புதையப் புதைய நடக்கலாம், அவ்வளவு குளுமை. பதினோரு மணிக்கு மேல் செருப்பில்லாமல் ஓடத்தான் முடியும்.

இந்த மண்ணுக்கு எங்கள் வீடுகளில் தனி மரியாதை. கார்த்திகைக் கடைசியில் இங்கே கள்ளர் வெட்டுத் திருவிழா நடக்கும். கோயிலுக்குப் பின்னால் தேரியில் கள்ளனுக்குப் பதிலாக இளநீரை வைத்து வெட்டுவார்கள். இளநீர் சிந்திய மண்ணை அள்ள அப்படி ஒரு அடிதடி நடக்கும். அதைக் கொண்டுபோய் வயலில் போடுவார்கள், கல்லாப்பெட்டியில் வைப்பார்கள். 2018-இல் அம்மா எனக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். மஸ்கட் வீட்டில் பாஸ்போர்ட்டெல்லாம் வைக்கிற அலமாரியில் இன்றைக்கும் இருக்கிறது.

எங்கள் ஆட்கள் வழக்கமாக அடுப்புக் கூட்டுகிற கொல்லாமரத்தடியைப் பிடித்தாயிற்று. சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம் சேர்ப்பதில்லை, உடன்குடிக் கருப்பட்டிதான். அதை அப்படியே பானையில் போட்டால் பொங்கலில் மண் நறநறக்கும். தட்டி, கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும். மைனி வடிகட்ட வடிகட்ட, துணியில் கறுப்பாக ஒரு வண்டல் தங்கியது. அம்மா பானைப் பக்கம் வராமல் தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தாள். அப்பா போனதிலிருந்து அப்படித்தானாம். மைனி விடவில்லை. "அத்தை, இங்க வந்து தண்ணி அளவு சொல்லுங்க. போன வருசம் குழைஞ்சுபோச்சு." அம்மா முனகிக்கொண்டே எழுந்து வந்து, பானைக்குள் எட்டிப் பார்த்து, ஒரு செம்புத் தண்ணீரை வெளியே எடுத்தாள். பொங்கி வழிந்தபோது முதல் குலவை அவளுடையதுதான்.

சித்தப்பாவும் வந்திருந்தார். அப்பாவின் கடைசித் தம்பி. கல்யாணத்துக்கு முன்பே வேதத்துக்குப் போனவர், அதாவது கிறிஸ்தவர் ஆனவர். எங்கள் பக்கம் ஒரே குடும்பத்தில் பாதிப்பேர் கோயிலுக்கும் பாதிப்பேர் சர்ச்சுக்கும் போவது சாதாரணம். திருநீறு பூச மாட்டார், படைத்த பொங்கலைச் சாப்பிட மாட்டார். ஆனால் ஒவ்வொரு வருசமும் விறகு பிளந்து தருவதும் தண்ணீர்க் குடம் சுமப்பதும் அவர்தான். ஏன் சித்தப்பா வாரிய என்று விளையாட்டாகக் கேட்டேன். "சாமி கும்பிடவா வாரேன்? இன்னைக்கு விட்டா உங்களயெல்லாம் மொத்தமா எங்க பாக்க?" என்றார். பூசை நேரத்தில் அவர் பதநீர்க்காரரைத் தேடிப் போய்விட்டார். மடக்கிய ஓலைப் பட்டையில் நுங்கைப் போட்டுப் பதநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். மகள் முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்தாள், அப்புறம் என் பட்டையையும் வாங்கிக் குடித்தாள்.

அவளுக்குப் பூமுடி எடுத்தபோது என் மைத்துனன் மடியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று இடத்தில் நுனியில் ஒரு கத்திரி. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தவள், "அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

அடுத்து நான். சம்மணமிட்டு உட்கார்ந்து குனிந்தேன். தலையில் ஒரு குவளைத் தண்ணீர், விரல்களால் அழுத்தி ஒரு தேய்ப்பு. பெரியவர் புதுப் பிளேடை இரண்டாக உடைத்துக் கத்தியில் மாட்டி, உச்சியிலிருந்து நெற்றி வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தார். நனைந்த முடிக்கற்றை மடியில் விழுந்தது. நினைத்ததைவிட நரை அதிகம். தம்பி எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் 2020-இல் அவன் மட்டும் தனியாக உட்கார்ந்த உட்கார்வு இது என்று எனக்குத் தெரியும், நான் நினைப்பது அவனுக்கும் தெரியும். பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. பெரியவருக்குத் தெரிந்திருக்கும். கத்தியை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "தலைய ஆட்டாதிய" என்றார்.

குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு சன்னதிக்குப் போனேன். ஒரே நெரிசல். பின்னால் இருந்தவர் தேங்காய் என் முதுகில் இடித்துக்கொண்டே இருந்தது. வேண்டிக்கொள்ள எதுவும் தோன்றவில்லை. அப்பா பெயரைச் சொன்னேன், என் பெயரைச் சொன்னேன். தீபம் காட்டி முடித்ததும் கூட்டம் தள்ளிக்கொண்டு வந்து வெளியே விட்டுவிட்டது. பக்தி வந்துவிட்டதா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. வரிசையில் எனக்கு ஓர் இடம் இருந்தது, அதில் போய் நின்றேன்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா கொல்லாமரத்தடியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைத் திறந்தார். அடிமட்டம் வைத்துப் புதிதாக ஒரு கோடு போட்டு மேலே 2026 என்று எழுதினார். அடுத்த உத்திரம் ஏப்ரல் 1, புதன்கிழமை என்று யாரோ கைப்பேசியைப் பார்த்துச் சொன்னார்கள். மஸ்கட்டில் இந்தியப் பள்ளிகள் திறக்கிற நேரம் அது. இந்த வருசமே மகளுக்கு முதல் நாட்கள் போய்விட்டன. நான் தயங்குவதைப் பார்த்து மனைவி, "பேரை எழுதச் சொல்லுங்க. ஸ்கூல்ல நான் பேசிக்கிறேன்" என்றாள். பணத்தை எடுத்துப் பெரியப்பாவிடம் நானே கொடுத்தேன்.

மகள் நோட்டை எட்டிப் பார்த்தாள். "அடுத்த வருசம் மொட்டை யாருக்கு?"

"பாக்கி இருக்கவனுக்கு" என்று பெரியப்பா தம்பி மகனைப் பார்த்தார். அவன் அதற்குள் வேனுக்குப் பின்னால் போய்விட்டான்.