நட்சத்திரக் குறியில் என் மகள்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடப் போகிறார்கள். ஊர் என்றால் புதுக்கோட்டைப் பக்கம் நான் பிறந்த ஊரைச் சொல்லவில்லை, மூன்று வருடமாக நாங்கள் குடியிருக்கும் இங்கிலாந்துக் கிராமத்தைச் சொல்கிறேன். ஒரு சர்ச், ஒரு பப், நாளைக்கு மூன்று தடவை வரும் பஸ், சுற்றிலும் கோதுமை வயல், இரண்டே வகுப்பறை உள்ள ஒரு ஆரம்பப் பள்ளி, அவ்வளவுதான் ஊர். வீட்டுக்காரருக்குப் பக்கத்து டவுனில் முதியோர் இல்லத்தில் வேலை, பாதி நாள் நைட் ஷிஃப்ட். மகள் இயர் டூ படிக்கிறாள். பள்ளியில் அவளையும் சேர்த்து 31 பிள்ளைகள்.

அம்மாவிடம் வாட்ஸ்அப்பில் சொன்னபோது, “ஏண்டி, வெள்ளக்காரன் ஊர்லயுமா பள்ளிக்கூடத்த மூடுறாங்க?” என்றாள். மூடுகிறார்கள் அம்மா. இங்கேயும் பிள்ளை பெறுவது குறைந்துவிட்டது, பள்ளிக்குப் பணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது, தலை குறைந்தால் பணமும் குறையும், பாய்லர் மட்டும் 31 பிள்ளைக்கும் 200 பிள்ளைக்கும் ஒரே மாதிரிதான் எரியும்.

உள்ளாட்சி நிர்வாகமான கவுன்சில் இதற்காக ஒரு பெரிய ஆவணம் வெளியிட்டது. கணக்குகள், வரைபடங்கள், அடுத்த ஐந்து வருடத்துக்கு எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்ற கணிப்பு. அதன் வாலில் நாலு பக்கத்துக்கு ஒரு இணைப்பு இருந்தது: சமத்துவத் தாக்க மதிப்பீடு. ஒரு முடிவை எடுக்கும் முன் அது யார் யாரை எப்படிப் பாதிக்கும் என்று பார்த்து எழுதும் தாள். நான் அந்த நாலு பக்கத்தை மட்டும் ஐந்தாறு தடவை படித்துவிட்டேன். மற்ற பெற்றோர் எல்லாம் பண விவகாரத்தில் கவுன்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அதில் அவர்கள் கெட்டி. எனக்கு இந்த நாலு பக்கம்தான் உறுத்தியது, காரணம் அதில் என் மகள் இருந்தாள்.

இருந்தாள் என்றால், ஒரு நட்சத்திரக் குறியாக இருந்தாள்.

2010ஆம் வருடச் சமத்துவச் சட்டம் ஒன்பது பண்புகளைப் பாதுகாக்கிறது: வயது, மாற்றுத்திறன், பாலின மாற்றம், திருமணம், கர்ப்பமும் மகப்பேறும், இனம், மதம், பால், பாலீர்ப்பு. அந்தச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, அரசு அமைப்பு எந்த வேலையைச் செய்தாலும் பாகுபாட்டை ஒழிப்பதையும் வாய்ப்புச் சமத்துவத்தையும் மனதில் வைத்தே செய்ய வேண்டும் என்கிறது. சட்டம் இந்த ஃபாரத்தை நிரப்பு என்று எங்கேயும் சொல்லவில்லை. யோசித்தோம் என்று பின்னால் நிரூபிக்க ஏதாவது வேண்டுமே என்று கவுன்சில்கள் தாங்களாகவே கட்டங்கள் போட்டு ஃபாரம் வைத்துக்கொண்டன. எங்கள் ஃபாரத்தில் ‘இனம்’ என்ற கட்டத்தில் இப்படி இருந்தது: வெள்ளையர் அல்லாத மாணவர்கள், நட்சத்திரக் குறி. கீழே பொடி எழுத்தில், ஐந்துக்கும் குறைவான எண்ணிக்கை தனிநபர் அடையாளம் வெளிப்படாமல் இருப்பதற்காக மறைக்கப்பட்டுள்ளது. பக்கத்தில், தாக்கம்: நடுநிலை.

கருத்துக் கேட்புக் கூட்டம் பள்ளி ஹாலிலேயே நடந்தது, சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் முட்டி இடிக்க எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து, அந்த நட்சத்திரத்துக்கு என்ன தாக்கம் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். வந்திருந்த அதிகாரி ரொம்ப மரியாதையாக, யாரென்று அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் அதைப் பற்றி விவரமாகப் பேச முடியாது என்றார். ஹாலில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அந்தப் பள்ளியில் இந்தியப் பிள்ளை ஒன்றுதான் என்பது பப்பில் பீர் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும்.

அவரைக் குற்றம் சொல்லவில்லை. எண்ணை மறைப்பது சரியான விதிதான். மறைத்த எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘நடுநிலை’ என்று எழுதியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மாதிரிப் பள்ளியில் எந்தப் பண்பை எடுத்தாலும் இரண்டு பேர், மூன்று பேர்தான் தேறுவார்கள். எல்லாமே நட்சத்திரம் ஆகிவிடும், எல்லா நட்சத்திரமும் நடுநிலை ஆகிவிடும், கடைசியில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் ஒரு பள்ளிக்கூடம் மூடப்பட்டிருக்கும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் எண்ணுவதை விட்டுவிட்டு நேரே போய்க் கேட்கலாம். 31 பிள்ளைகளின் வீட்டுக் கதவையும் ஒரே வாரத்தில் தட்டிவிடலாம், தபால்காரர் தினமும் அதைத்தான் செய்கிறார்.

‘பால்’ என்ற கட்டம் இன்னும் வேடிக்கை. ஆண் பிள்ளைகள் 16, பெண் பிள்ளைகள் 15, ஆகவே வேறுபட்ட தாக்கம் இல்லை. பிள்ளைகளை எண்ணியாகிவிட்டது, சரி. காலையில் அந்தப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வருவது யார்? கேட்டில் நின்று பத்து நாள் பார்த்தால் போதும். ஒரு தாத்தா, இரண்டு அப்பாக்கள், மற்றதெல்லாம் நாங்கள். சமையலம்மா, உதவி ஆசிரியை, கூட்டிப் பெருக்குகிறவர், மூவருமே இந்த ஊர்ப் பெண்கள்தான், பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட கையோடு பக்கத்திலேயே நாலு மணி நேர வேலை. அந்த வேலை போனால் டவுனில் வேறு கிடைக்கலாம், ஆனால் டவுனுக்குப் போகும் பஸ் பத்து மணிக்குத்தான். ஊழியர்கள் மீதான தாக்கம் பின்னால் தனியாகப் பார்க்கப்படும் என்று ஒரு வரியில் முடித்திருந்தார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அடுத்த பள்ளி நாலு மைலுக்கு அப்பால், கிட்டத்தட்ட ஆறரைக் கிலோமீட்டர். எட்டு வயதுக்குக் கீழே இருந்தால் 2 மைலுக்கு மேலும், எட்டு வயதுக்கு மேல் 3 மைலுக்கு மேலும் தூரம் இருந்தால் கவுன்சில் இலவசமாக வண்டி விட வேண்டும் என்பது இங்கே சட்டம். ஆகவே மினிபஸ் வரும், அதில் குறையில்லை. ஃபாரத்திலும் ‘போக்குவரத்து வழங்கப்படும்’ என்று எழுதிவிட்டு, அந்த ஒரு வரியை எல்லாக் கட்டத்துக்கும் மருந்தாகத் தடவியிருந்தார்கள்.

மினிபஸ் பிள்ளையை மட்டும்தான் ஏற்றும். பதினொன்றரைக்குப் பள்ளியிலிருந்து போன், உங்கள் மகள் வாந்தி எடுத்துவிட்டாள், வந்து கூட்டிப் போங்கள். எப்படிப் போவேன்? ஒரே காரை வீட்டுக்காரர் வேலைக்கு எடுத்துப் போயிருப்பார், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த நாளாக இருந்தால் அவர் தூக்கத்தில் இருப்பார், அந்தத் தூக்கத்தில் எழுப்பி ஸ்டியரிங்கைக் கையில் கொடுக்க எனக்கே பயம். நான் ஓட்டலாமே என்றால், இந்திய லைசென்ஸ் இங்கே 12 மாதம்தான் செல்லும், அதற்குப் பிறகு முதலிலிருந்து தியரி, பிராக்டிகல் எல்லாம் எழுதித் தேற வேண்டும், டெஸ்டுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. நான் ஒரு தடவை போய் ரவுண்டானாவில் ஃபெயில் ஆனவள். (ஊரில் ஸ்கூட்டியில் ஆடு மாட்டுக்கு நடுவே வளைந்து வளைந்து போனதெல்லாம் இங்கே கணக்கில் வராது.) நடந்து போகலாம் என்றால் அந்த ரோட்டில் நடைபாதை கிடையாது, அறுவடை சீசனில் டிராக்டர்கள் வேலியை உரசிக்கொண்டு போகும்.

அப்புறம், மினிபஸ் மூன்று இருபதுக்குக் கிளம்பிவிடும். பள்ளி முடிந்த பின் நடக்கும் நீச்சல், பாட்டு, கால்பந்து எல்லாம் கார் வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைக்குத்தான். யாருக்குக் கார் இல்லை, யாருக்கு லைசென்ஸ் இல்லை என்று பார்த்தால் அங்கே இனமும் பாலும் வறுமையும் ஒரே வீட்டில் வந்து நிற்கும். ஃபாரம் அவற்றைத் தனித்தனிக் கட்டத்தில் பிரித்து வைத்திருக்கிறது. வறுமைக்கோ கட்டமே இல்லை. 2010 சட்டத்தின் முதல் பிரிவே சமூகப் பொருளாதார ஏற்றத்தாழ்வைப் பற்றியதுதான், ஸ்காட்லாந்து 2018லும் வேல்ஸ் 2021லும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டன, இங்கிலாந்தில் அது காகிதத்தோடு நிற்கிறது.

வயது இன்னொரு கூத்து. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பது சம்பந்தப்பட்ட வேலைகளுக்கு 149ஆம் பிரிவின் கடமையில் வயதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று அதே சட்டத்தின் 18ஆம் அட்டவணை விலக்கு கொடுத்திருக்கிறது. நாலு வயசுப் பிள்ளை குளிர்காலத்தில் இருட்டோடு எழுந்து தனியாக மினிபஸ் ஏறுவதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எழுத இடமில்லை.

மாற்றுத்திறன் கட்டத்தில் ‘புதிய பள்ளி தேவைகளை நிறைவு செய்யும்’ என்று ஒரே வரி. மகளின் வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் இருக்கிறான். சத்தம் ஆகாது, புது ஆள் ஆகாது. இந்தப் பள்ளியில் ஹெட் டீச்சர் மணி அடிப்பதை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டுகிறார், 31 பேரும் அமைதியாகி விடுகிறார்கள். 200 பேர் பள்ளியில் அது நடக்குமா? அவன் அம்மா என்னிடம், “பள்ளிக்கூடம் பரவாயில்லை, அந்த வண்டியில் இருபது நிமிஷம் இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?” என்று கேட்டார். மினிபஸ்ஸில் உதவிக்கு ஆள் உண்டா என்பது பற்றி அந்த நாலு பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் அந்த ஃபாரம் மாதிரி ஆகிவிடுவேன். நேர்மறைத் தாக்கம் என்ற இடத்தில் ‘பலதரப்பட்ட, பெரிய நட்பு வட்டம் கிடைக்கும்’ என்று எழுதியிருந்தார்கள். அது பொய் இல்லை. மகள் வகுப்பில் அவள் வயசுப் பெண் பிள்ளைகள் இரண்டே பேர், அவர்களுக்குள் சண்டை வந்தால் ஒரு வாரத்துக்குப் பேச ஆள் கிடையாது. போன வருடம் ஒருநாள் குளிக்கும்போது கையைத் தேய்த்துக்கொண்டே, “அம்மா, எனக்கு மட்டும் ஏன் இந்தக் கலர்?” என்று கேட்டாள். டவுன் பள்ளியில் இரண்டு மலையாளிக் குடும்பங்கள் இருக்கின்றன, ஒரு நைஜீரியக் குடும்பம் இருக்கிறது. அங்கே போனால் இந்தக் கேள்வி வராமலே இருக்கலாம். பள்ளியைக் காப்பாற்றக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரிந்த நாளிலெல்லாம் இது எனக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

நான் படித்தது ஈராசிரியர் பள்ளியில். அங்கேயும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், டவுன் மெட்ரிக் பள்ளியின் மஞ்சள் வேன் தினமும் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளின்படி ஆரம்பப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். 2025 ஜூனில் உத்தரப் பிரதேச அரசு 50 பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிகளை இணைக்க ஆணை போட்டு வழக்கு அலகாபாத் உயர் நீதிமன்றம் வரை போனபோதும் இந்த ஒரு கிலோமீட்டர் பேச்சு பலமாக அடிபட்டது. ஆனால் எங்கள் ஊரில் காலனியிலிருந்து பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு எண்ணூறு மீட்டர்தான் இருக்கும். அந்த எண்ணூறு மீட்டரில் எந்தத் தெரு வழியாக, யார் வீட்டுத் திண்ணையைக் கடந்து போக வேண்டும் என்பது டேப் வைத்து அளந்தால் தெரியாது. அங்கே இப்படி ஒரு ஃபாரம் இருந்தால் அதில் ஒரு கட்டம் சாதிக்கும் இருக்க வேண்டும். அதிலும் நட்சத்திரம் போடுவார்களோ என்னவோ.

இவ்வளவு திட்டினாலும் இந்தத் தாள் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தாள் இருந்ததால்தான் எழுந்து நின்று கேட்க முடிந்தது. 2008இல் இங்கே தபால் நிலையங்களை மூடியதை எதிர்த்து பிரவுன் என்பவர் போட்ட வழக்கில், இந்தக் கடமைக்கு முன்னோடியாக மாற்றுத்திறனாளிகளுக்கென இருந்த கடமையை முடிவெடுக்கும் முன்பே, திறந்த மனதோடு, உண்மையாகச் செய்ய வேண்டும், வெறுமனே டிக் அடிப்பது ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டவர் தோற்றுவிட்டார், அவர் வழக்கில் சொன்ன விதிகளை இன்றுவரை எல்லோரும் கவுன்சில்கள் மேல் எடுத்து வீசுகிறார்கள். நானும் வீசினேன். சட்ட அறிவிப்பு வந்த பிறகு ஆட்சேபணை சொல்ல நாலு வாரம் தருவார்கள், அந்த நாலு வாரத்தில் மூன்று பக்கம் எழுதினேன். கிராமப் பள்ளிகளை மூடக் கூடாது என்பதையே முதல் நிலைப்பாடாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது, ஊர்ச் சமூகத்துக்கு என்ன ஆகும், போக்குவரத்துக்கு என்ன செலவு, கார் ஓட்டம் எவ்வளவு கூடும், மூடாமல் வேறு வழி உண்டா, இந்த நாலையும் பார்த்தாக வேண்டும் என்று 2006ஆம் வருடக் கல்வி, ஆய்வுச் சட்டமே சொல்கிறது. அதையும் எழுதி, வாந்தியையும் எழுதி, பக்கத்து வீட்டு டீச்சரிடம் இங்கிலீஷைத் திருத்தி வாங்கி அனுப்பினேன்.

திருத்திய மதிப்பீடு வந்தது. ‘இனம்’ கட்டத்தில் ‘நடுநிலை’ போய் ‘சிறிய எதிர்மறை’ வந்திருந்தது. தணிப்பு நடவடிக்கை என்ற இடத்தில், பெற்றோருக்குப் பொதுப் பேருந்து நேர அட்டவணை வழங்கப்படும் என்று போட்டிருந்தார்கள். நட்சத்திரம் அதே இடத்தில் இருந்தது. அந்தப் பையனுக்கு மட்டும் மினிபஸ்ஸில் கூட வர ஒரு ஆள் போடுவதாக எழுதியிருந்தார்கள், அவன் அம்மா அன்று மாலை ஒரு டப்பா கேக்கோடு வந்தார்.

போன வாரம் கவுன்சிலில் வாக்கெடுப்பு முடிந்தது. ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு பள்ளி மூடல். என் டிரைவிங் டெஸ்டுக்கும் தேதி வந்துவிட்டது, அக்டோபர் 14, காலை எட்டு பத்துக்கு.