கடைசி வரி

"பேஸ்ட் பண்ணதுல கடைசி வரி ரைட் மெமரியாம்மா?" என்று, தொலைவிலிருந்து ஒரு நெட்வொர்க் சுவிட்சை மாற்றும்போது தொடர்பு அறுந்துபோன ஜூனியரிடம் கேட்டேன். (செய்த மாற்றத்தை சுவிட்சில் சேமிக்கும் கமாண்ட்தான் ரைட் மெமரி.) "இல்லை சார், எடுத்துட்டேன்" என்றார். பதில் வருவதற்கு ஒரு நொடி தயங்கினார். பதிலை விட்டுவிட்டு அந்தத் தயக்கத்தை நம்பித்தான் டெக்னீஷியனை மழையில் பைக்கில் அனுப்பினேன்.

நடந்தது எங்கள் வேலையில் எல்லோருக்கும் தெரிந்த விபத்து. வீலான் என்பது ஒரே கேபிளில் பிரித்து ஓடும் தனித்தனி நெட்வொர்க்; பல வீலான்களைச் சுமப்பது ட்ரங்க் போர்ட். அதில் வீலான் 120-ஐச் சேர்க்கும் கமாண்டில் 'ஆட்' என்ற சொல் விட்டுப்போனது. அது இல்லாவிட்டால் சிஸ்கோ சுவிட்ச் பழைய பட்டியலைத் தூக்கிவிட்டு 120-ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். சுவிட்சுக்குள் நாங்கள் நுழையும் வழியான மேனேஜ்மென்ட் வீலானும் போய், தொலைவிலிருந்து கமாண்ட் கொடுத்துக்கொண்டிருந்த அவருடைய எஸ்எஸ்ஹெச் திரை அப்படியே நின்றது.

ஆனால் அவர் முன்கூட்டியே 'ரீலோட் இன் 10' கொடுத்திருந்தார். பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே ரீபூட் ஆகி, கடைசியாகச் சேமித்த கான்ஃபிகுரேஷனோடு எழும். (ஜூனிப்பர் கம்பெனியின் ஜூனோஸில் 'கமிட் கன்ஃபர்ம்டு' போட்டால் ரீபூட்டே வேண்டாம், உறுதிசெய்யாவிட்டால் மாற்றம் மட்டும் திரும்பிவிடும்.) புதியதைச் சேமித்துவிட்டால் மட்டும் இந்தக் காப்பு பலிக்காது. எங்கள் டெம்ப்ளேட்டின் கடைசி வரி ரைட் மெமரி. மொத்தமாக பேஸ்ட் செய்தால், திரை நின்ற பிறகும் அந்த வரி உள்ளே ஓடியிருக்கலாம். அப்புறம் சுவிட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளோடு ஆள் நேரில் போனால்தான் உண்டு.

சுவிட்ச் ஒழுங்காக எழுந்தது. டெக்னீஷியன் பாதி வழியில் நனைந்தபடி திரும்பினார்.

பல மொபைல் டவர்கள் அந்த சுவிட்சை நம்பி இருக்கின்றன. நடு ராத்திரியில் ஆம்புலன்ஸுக்கு போன் போடுகிறவரை நினைத்தால், காத்திருந்து பார்ப்போம் என்று என்னால் இருக்க முடியாது. இன்றும் ஆளை அனுப்பத்தான் செய்வேன். ஆனால் அதே பதிலை என்னோடு பல வருடம் வேலை பார்த்தவர், அதே தயக்கத்தோடு சொல்லியிருந்தால்? அனுப்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல வரவில்லை. ஏற்கெனவே முடிவு எடுத்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேனோ என்றும் தோன்றுகிறது.

காலையில் டீக்கடையில் அவர் சொன்னது ஒன்றுதான்: "நான்தான் எடுத்துட்டேன்னு சொன்னேனே சார்."

இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால், பேஸ்ட் செய்யப்போகும் வரிகளையும் ரீபூட் எப்போது என்று 'ஷோ ரீலோட்' காட்டுவதையும் நான் கேட்காமலே குரூப்பில் போட்டுவிடுகிறார். நல்ல பழக்கம், எல்லோரையும் அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறேன். அது கவனமா, என் மேல் உள்ள வருத்தமா என்று அவரிடம் இன்னும் கேட்கவில்லை.