மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு கப்

பதினோரு வருஷமா எஸ்பிரெஸ்ஸோ மெஷினும் க்ரைண்டரும் சர்வீஸ் பண்ற வேலை பாத்துட்டு இருக்கேன். பெரிய செயின் கடைகளுக்குப் போறதில்ல, அவங்களுக்குன்னு தனியா ஆள் இருக்கு. நான் போறதெல்லாம் ஓனரே கல்லால உக்காந்து, கூட்டம் வந்தா அவரே எழுந்து வந்து ஷாட், அதாவது ஒரு கப் எஸ்பிரெஸ்ஸோ, போட்டு, ராத்திரி அவரே ஷட்டர் இழுத்துவிடற கடைங்க. ஒரு நாளைக்கு நாலு கடை, அவசரம்னா ஆறு கூட ஆகும்.

இப்பல்லாம் ஒரு கடைக்குள்ள போனதும் டூல் பாக்ஸைத் திறக்கறதில்ல. எப்பவும் போடற மாதிரி ஒரு ஷாட் போடுங்கன்னு சொல்லிட்டு ஓரமா நின்னு பாப்பேன், எவ்ளோ பொடி போடறாங்க, எப்படி அழுத்தறாங்க, எத்தனை செகண்ட்ல இறங்குதுன்னு. அப்புறம் அதைக் குடிப்பேன். சில ஓனருங்க, "என்ன சார், ரிப்பேர் பாக்க வந்துட்டு காபி குடிச்சிட்டு இருக்கீங்க"ன்னு கேப்பாங்க. அந்த ஒரு கப்புல தெரியற விஷயம் ஸ்பேனரைப் புடிச்சு ஒரு மணி நேரம் நோண்டினாலும் தெரியாதுங்கறது எனக்குப் புரியறதுக்கே மூணு நாலு வருஷம் ஆச்சு.

ஆரம்பத்துல எனக்கு மெஷின் மேல மட்டும்தான் கண்ணு. காபி கசக்குதுன்னு போன் வந்தா போய் பேனலைக் கழட்டிடுவேன். பிரஷர் கேஜ் ஒம்பது பார் காட்டும், தண்ணி சூடு தொண்ணூத்து மூணு டிகிரில நிக்கும், எல்லாம் சரியா இருக்கும், ஆனா காபி கசக்கும். சந்தேகத்துக்கு பம்ப்பை மாத்திட்டு வந்துடுவேன், நாலு நாள்ல திரும்ப போன் வரும். உண்மையில க்ரைண்டர் மேல கொட்டை போடற ஹாப்பர் ஓரத்துல எண்ணெய் படிஞ்சு சிக்கு வாடை அடிச்சிட்டு இருந்திருக்கும், இல்லேன்னா கொட்டையை அரைக்கற பர் தேய்ஞ்சு போய் பொடி ஒண்ணு மாவாவும் ஒண்ணு நொய்யாவும் விழுந்துட்டு இருந்திருக்கும். மாவு சீக்கிரமா கசப்பை விட்டுடும், நொய் தன்னோட சாரத்தை விடவே விடாது, ரெண்டும் ஒரே கப்புல வந்தா கசப்பும் புளிப்பும் சேர்ந்தே அடிக்கும். பதினெட்டு கிராம் பொடிக்கு முப்பத்தாறு கிராம் காபி, இருபத்தஞ்சு முப்பது செகண்ட்ல இறங்கணும்னு எல்லாருக்கும் மனப்பாடம்தான், அந்தக் கணக்கு சரியா வந்தும் ருசி தப்பா இருந்தா எங்க பாக்கணும்னுதான் யாருக்கும் தெரியறதில்ல, எனக்கும் அப்ப தெரியல.

பெருநகரமும் இல்லாம சின்ன டவுனும் இல்லாம நடுவுல இருக்கற ஊர்ல இந்த வேலை பாக்கறதுல ஒரு தனிக் கஷ்டம் இருக்கு. கடைங்க பெருகிட்டே போகும், ஸ்பேர் மட்டும் ஊருக்குள்ள கிடைக்காது. தண்ணியைத் திறந்து மூடற ஒரு சாலினாய்டு வால்வ் போச்சுன்னா வெளியூர்லேந்து வரணும், மூணு நாள் ஆகும், அந்த மூணு நாளும் கடைக்கு வருமானம் இல்ல. அதனால வண்டியில எப்பவும் கேஸ்கெட், தண்ணியைப் பொடி மேல தூவற ஷவர் ஸ்க்ரீன், காயில், பாய்லர்ல தண்ணி மட்டம் பாக்கற புரோப், சேஃப்டி வால்வ்னு ஒரு பெட்டி நிறைய வச்சிருப்பேன். கேஸ்கெட் ரப்பர் சூட்டுலயே கிடந்து வருஷத்துக்குள்ள கல்லு மாதிரி ஆயிடும், பொடி போட்டு மாட்டற கைப்பிடியை எவ்ளோ இறுக்கினாலும் ஓரத்துல ஒழுகும், அதை மாத்தற அஞ்சு நிமிஷ வேலைக்காக ஒரு கடை மூடிக் கிடக்கறது எனக்குப் பொறுக்காது.

இன்னொண்ணு, இந்த மாதிரி ஊர்ல எல்லா கடைக்காரரும் எல்லாரையும் தெரிஞ்சு வச்சிருப்பாங்க. அந்தக் கடையில என்ன கொட்டை போடறாங்க, ஒரு நாளைக்கு எத்தனை கப் ஓடுதுன்னு என்கிட்ட கேப்பாங்க. மெஷின்ல கப் எண்ணிக்கை காட்டற கவுன்ட்டரைப் பாத்து எல்லா கடை கணக்கும் எனக்குத் தெரியும், ஆனா வாயைத் திறக்க மாட்டேன். ஒரு கடை அடுப்படியில பாத்தது அடுத்த கடை வாசப்படி தாண்டக் கூடாது.

தண்ணியைப் பத்தி சொல்லியாகணும், ஏன்னா நான் பண்ணதுலயே பெரிய தப்பு அதுலதான். உப்புத்தண்ணி வர்ற ஏரியாவுல ஒரு கடை, ஓனர் அம்பது வயசு தாண்டின ஒரு அக்கா. ஒரு நாள் மெஷின் சூடே ஆகலைன்னு போன். பாய்லரைத் திறந்தா ஹீட்டிங் எலிமென்ட் மேல வெள்ளையா உப்பு ஓடு ஓடா படிஞ்சு, விரலால தட்டினா பட்டை பட்டையா உதிருது. தண்ணி சூடாக ஆக சுண்ணாம்பு கரைஞ்சு நிக்காது, அங்கயே படியும், அந்தப் படிவுக்குள்ள எலிமென்ட்டோட சூடு வெளியேற வழியில்லாம எரிஞ்சு போயிடுச்சு. புது எலிமென்ட் போட்டுட்டு, இனிமே இந்தத் தொல்லையே வேணாம்க்கா, உப்பை வடிகட்டற ஆர்ஓ வச்சிடலாம்னு நானே வாங்கி மாட்டிவிட்டேன். அந்த அக்காவும் நம்பி காசு போட்டாங்க.

மூணு வாரம் கழிச்சு கூட்டம் வர்ற நாள் பாத்து காலைல ஏழு மணிக்கு போன். பாலை நுரைக்கற ஸ்டீம் வாண்ட்டைத் திறந்தா ஆவிக்குப் பதிலா தண்ணியா பீச்சுதாம். ஓடினேன். பாய்லர் விளிம்பு வரைக்கும் ரொம்பியிருக்கு. கண்ட்ரோல் போர்டு போயிடுச்சுன்னு நெனச்சு அதை மாத்தினேன், திரும்பவும் ரொம்புது. புரோப்பைக் கழட்டி பளபளன்னு தேய்ச்சுப் போட்டேன், அப்பவும் ரொம்புது. அதுக்குள்ள பதினொரு மணி, வர்றவங்க எல்லாம் எட்டிப் பாத்துட்டு திரும்பிப் போறாங்க, அந்த அக்கா ஒரு வார்த்தை பேசாம கல்லாகிட்டயே நின்னுட்டு இருந்தாங்க. ஸ்டீம்தான் இல்ல, ஷாட் வருதேன்னு ஒண்ணு போட்டு வாயில வச்சேன். சப்புன்னு இருந்துச்சு, புளிப்பு மட்டும் ஊசி மாதிரி குத்துது, உடம்பே இல்லாத காபி. அப்பதான் மண்டையில பட்டுச்சு. அந்த புரோப்புக்கு தண்ணி இருக்கா இல்லையான்னு தெரியறதே தண்ணியில ஓடற துளியூண்டு கரன்ட்டை வச்சுத்தான், அந்தக் கரன்ட் ஓடணும்னா தண்ணியில கொஞ்சமாவது உப்பு இருக்கணும். நான் போட்ட ஆர்ஓ அந்தக் கொஞ்சத்தையும் வழிச்சு எடுத்துடுச்சு. பாய்லர் ரொம்பி வழியும்போதும் புரோப் காலின்னே சொல்லிட்டு இருந்திருக்கு, அதை நம்பி வால்வும் தண்ணியை விட்டுக்கிட்டே இருந்திருக்கு. மீட்டரை விட்டுப் பாத்தா டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட அளவு, வெறும் ஆறு. ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் சொல்ற அளவுல டிடிஎஸ் எழுபத்தஞ்சாவது இருக்கணும்.

பைபாஸ் வால்வ் ஒண்ணு வச்சு குழாய்த் தண்ணியில ஒரு பங்கைக் கலக்கவிட்டேன், டிடிஎஸ் நூத்தி இருபதுக்கு வந்துச்சு, பாய்லர் தானா நின்னுது, அடுத்த ஷாட்லயே ருசி மாறிடுச்சு. தேவையில்லாம மாத்தின போர்டுக்கு காசு வாங்கல. "அக்கா, இது மெஷின் தப்பில்ல, நான் பண்ண தப்பு"ன்னு சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் என் முகத்தையே பாத்துட்டு, "சரி, இந்தத் தண்ணிக் கணக்கை எனக்குச் சொல்லிக் குடு, அடுத்த தடவ நானே பாத்துக்கறேன்"னாங்க. இன்னைக்கும் அந்த ஊர்லயே மாசா மாசம் டிடிஎஸ் பாத்து நோட்டுல தேதி போட்டு எழுதி வைக்கற ஒரே கடை அதுதான்.

அன்னிலேந்துதான் முதல்ல குடிக்கற பழக்கம். காலைல ஏழு மணிக்கே அந்த ஷாட்டைக் குடிச்சிருந்தேன்னா எட்டு மணிக்கு கடை ஓட ஆரம்பிச்சிருக்கும்.

குடிச்சாலே புடிபடற இன்னொரு கேஸும் உண்டு. வெறும் சுடுதண்ணியே பால் வாடை அடிக்கும். மெஷின் அணைஞ்சு ஆறும்போது பாய்லருக்குள்ள வெற்றிடம் உண்டாகும், வெளிக்காத்தை உள்ள விடறதுக்குன்னு ஒரு குட்டி வால்வ் இருக்கு, அது சிக்கிக்கிச்சுன்னா ஸ்டீம் வாண்ட் வழியா பாலை உள்ள உறிஞ்சிடும். பிக்கல் புடுங்கலா நாலு தடவை பாய்லரைக் காலி பண்ணி கழுவினாத்தான் அந்த வாடை போகும். வால்வ் என்னமோ கட்டைவிரல் நுனி அளவுதான்.

எல்லா கடையிலயும் பம்ப் மெஷின்தான்னும் சொல்லிட முடியாது. பெரியவர் ஒருத்தர் ஸ்ப்ரிங் லீவர் மெஷின் வச்சிருக்கார், கைப்பிடியை இழுத்து விட்டா உள்ள இருக்கற ஸ்ப்ரிங் தண்ணியைத் தள்ளும். 1901ல மிலான்ல லூயிஜி பெஸ்ஸேரா எஸ்பிரெஸ்ஸோ மெஷினுக்கு பேட்டன்ட் கேட்டு எழுதிப்போட்டப்ப வெறும் ஆவி அழுத்தம்தான், ஒண்ணரை பார் வந்தாலே அதிகம், அதுல நுரை வராது. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு அக்கிலே காஜியாவோட லீவர் வந்தப்பறம்தான் கப்பு மேல பொன்னிறமா அந்த க்ரீமா நின்னுது, 1961ல ஃபேமா கம்பெனி ஈ61 மெஷினைக் கொண்டாந்தப்பறம் அந்த இழுக்கற வேலை மோட்டார் பம்ப்புக்குப் போச்சு. பெரியவர்கிட்ட பம்ப் மெஷின் மாத்திக்கலாமேன்னு ஒரு தடவை கேட்டேன். பதில் சொல்லாம கைப்பிடியை இழுத்து என் கையில குடுத்தார். தண்ணி பொடிக்குள்ள இறங்கறது உள்ளங்கைக்கே தெரியுது, பொடி பெருசா இருந்தா கைப்பிடி சட்டுன்னு மேல ஏறும், நைஸா இருந்தா முரண்டு புடிக்கும். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல.

கடைசியா ஒரு கடை. ரெண்டு தெரு தள்ளி இருக்கற இன்னொரு கடைக்கும் இதுக்கும் ஒரே மாடல் மெஷின், கொட்டை ஒரே இடத்துலேந்து வருது, தண்ணியும் ஒண்ணு, ரெண்டுக்கும் சர்வீஸ் நான்தான். ஆனா இங்க காபி இனிக்கும், அங்க நாக்குல எதோ ஒட்டிக்கிட்டே நிக்கும். ரெண்டு மெஷினையும் திறந்து பாத்தேன், சூடு, பிரஷர் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. ஒரு நாள் ராத்திரி காபி இனிக்கற அந்தக் கடை வழியா வரும்போது பாதி ஷட்டர் இறங்கியிருந்துச்சு, உள்ள லைட் எரிஞ்சிட்டு இருந்துச்சு, குனிஞ்சு போனேன்.

அங்க வேலை பாக்கற பையன் மட்டும் நின்னுட்டு இருந்தான், இருபது வயசு இருக்கும். ஓட்டையில்லாத அடைப்புக் கூடையில க்ளீனிங் பவுடர் போட்டு மாட்டி, பத்து செகண்ட் ஓட்டி, நிறுத்தி, திரும்ப ஓட்டி. கீழ வர்ற தண்ணி முதல்ல கருப்பா, அப்புறம் டீ கலர்ல, அப்புறம் மஞ்சளா வந்து, தெளியற வரைக்கும் விடல. பவுடர் போடாமலும் அஞ்சாறு தடவை ஓட்டினான். ஷவர் ஸ்க்ரீனைக் கழட்டி பிரஷ்ஷால ஒவ்வொரு ஓட்டையா தேய்ச்சான். ஹாப்பர்ல மிச்சமிருந்த கொட்டையை டப்பாவுல கொட்டி மூடி, ஹாப்பரையும் துடைச்சு கவுத்து வச்சான். நாப்பது நிமிஷம் ஆச்சு. ரெண்டு தெரு தள்ளியிருந்த கடையில ஈரத்துணியால மேலாப்புல துடைச்சிட்டு கிளம்பறதை நான் எத்தனையோ நாள் பாத்திருக்கேன்.

"தினமும் இப்படியா தம்பி?"ன்னு கேட்டேன்.

"ஆமாண்ணே, காலைல முதல்ல வர்றவரு தினமும் ஒரே ஆள்தான். நேத்து வாடை அடிச்சா கண்டுபிடிச்சிடுவாரு."

ஸ்க்ரீனுக்கு மேல ஒரு பித்தளைக் கட்டி இருக்கு, அதையும் கழட்டலாம்னு அவனுக்குத் தெரியல, யாரும் காட்டிக் குடுக்கல, நான் உள்பட. நான் ஸ்க்ரூவைக் கழட்டி அதை எடுத்து அவன் கையில வச்சேன். பின்பக்கம் கருப்பா பிசின் மாதிரி ஒட்டியிருந்துச்சு. அவன் முகம் வாடிப்போச்சு. இவ்ளோ நாள் இதுவழியாத்தான் தண்ணி வந்துச்சாண்ணேன்னு கேட்டான். சிங்க்ல நின்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி தேய்ச்சோம், சுடுதண்ணியில ஊறப்போட்டு திரும்பவும் தேய்ச்சோம், பித்தளை நிறம் வர்றதுக்குள்ள மணி பத்தரை தாண்டிடுச்சு. திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை ரொம்ப முறுக்காதேன்னு மட்டும் சொன்னேன்.

ரெண்டு மாசம் கழிச்சு அங்க சர்வீஸுக்குப் போனேன். பையன் அன்னைக்கு லீவு. ஓனர் ஷாட் போட்டுக் குடுத்தார், குடிச்சேன், அப்புறம் ஸ்க்ரீனைக் கழட்டிட்டு உள்ள டார்ச் அடிச்சேன். அந்தக் கட்டியோட ஸ்க்ரூ தலையில ஸ்க்ரூ டிரைவர் பட்டுப் பட்டு புதுசா பளபளன்னு கோடு விழுந்திருந்துச்சு.