கைவைத்தியம்

2024 நவம்பர் 12, செவ்வாய்

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு என் வலது கையைப் பார்க்கிறேன், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கை மாதிரி இருக்கிறது. தோல் செதில் செதிலாக உரிகிறது. முஷ்டி மூடவில்லை. விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இரண்டு விரல் அளவு இடைவெளி. கட்டை விரல் சுண்டு விரலைத் தொடவில்லை.

பத்து அங்குலக் கத்தரியை எடுத்துப் பார்த்தேன். திறந்தது. மூட முடியவில்லை.

நவம்பர் 13

பிசியோதெரபி. மெழுகு ஒத்தடம் சுகமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் அந்தப் பெண் விரலை மடக்கினாள் பாருங்கள். "வீட்டுல மாவு பிசையுங்க ஆன்ட்டி, அதைவிட நல்ல எக்சர்சைஸ் இல்ல" என்றாள். முத்தியால்பேட்டை வரைக்கும் ஆட்டோவில் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 14, வியாழன்

சப்பாத்தி மாவு பிசைந்தேன். கை உள்ளே போய் வெளியே வருகிறது, அவ்வளவுதான். எதிர்வீட்டு சைகோன் ஆயா, வியட்நாமிலிருந்து வந்தது, வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னாடி குழந்தைக்குக் குளிப்பாட்டுற மாதிரி பிசையற? முட்டை மாவு பிசை. அதுதான் உன் கையத் திருப்பி அடிக்கும்" என்றது. அந்த மாவில் வெட்டுகிற முட்டை நூடுல்ஸுக்கு ஆயா வீட்டில் பெயர் மீ. நெம் என்கிற பொரித்த சுருள் செய்து அனுப்பும்போதெல்லாம் கூடவே ஒரு கிண்ணத்தில் வரும். அதைக் கையால் செய்யலாம் என்றே எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

200 கிராம் மைதா, இரண்டு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. நூறு கிராமுக்கு ஒரு முட்டை என்பது ஆயா கணக்கு. தண்ணீர் கிடையாது.

மைதாவைக் குவித்து நடுவில் குழி பறித்து முட்டையை உடைத்து ஊற்றினேன். கலக்கும்போது ஒரு பக்கம் கரை உடைந்து மேடையில் ஓடியது. இடது கையால் அணை போட்டேன். சேர்ந்த பிறகும் புட்டு மாவு மாதிரி உதிரி உதிரியாக நின்றது. ஆயாவைக் கூப்பிட்டால் முதலில் ஓட்டைப் பார்க்கிறது. "சின்ன முட்டைடி. ஒரு ஸ்பூன் தண்ணி தெளி." மீதி முட்டை ஒன்றை எடை போட்டேன், ஓட்டோடு 46 கிராம்தான். நல்ல முட்டை ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

தெளித்துப் பிசைந்தேன். கான்வாஸை நாலாக மடித்து ஊசியில் விட்டால் மெஷின் முனகுமே, அப்படி இருந்தது. ஏழாவது நிமிடம் மணிக்கட்டில் சுண்டு விரல் பக்கம் சுள்ளென்றது. அழுதுவிட்டேன். மாவுக்காக இல்லை.

இவர் எட்டிப் பார்த்து, "ரெண்டு நிமிஷத்துல ஆகுற நூடுல்ஸுக்கா இவ்ளோ பாடு?" என்றார். பதில் சொல்லவில்லை.

ஈரத்துணி போட்டு அரை மணி மூடி வைத்தேன். திறந்தால் வேறு மாவு! தொட்டால் காது மடல் மாதிரி. பிசையும்போது மாவுக்குள் இருக்கிற பசை முறுக்கிக்கொள்கிறதாம், சும்மா விட்டால் தானே முறுக்கு விடுமாம். இந்த ஆறு வாரம் நானும் சும்மாதானே கிடந்தேன். எனக்கு மட்டும் ஏன் முறுக்கிக்கொண்டது?

பூரிக்கட்டையால் தேய்த்து, இடது கையால் வெட்டி, வேகவைத்துச் சாப்பிட்டோம். ஒவ்வொன்றும் ஷூ லேஸ் தடிமன். நடுவில் பச்சை மாவு. சின்னவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

நவம்பர் 19

இடைவெளி ஒன்றரை விரல். தை பிறக்க 56 நாள்.

நவம்பர் 21, வியாழன்

பீரோவைத் திறந்து பெரியவள் ரவிக்கைக்கு நான் தைக்க வைத்திருக்கிற அந்தப் பச்சைத் துணியைத் தொட்டுப் பார்த்து மூடினேன்.

சாயந்திரம் ஆயா வீட்டில் இருந்தேன். சைகோனில் சோலோன் என்று சீனாக்காரர்கள் பேட்டை இருக்கிறது, அங்கே மீ போடுகிறவனைச் சின்ன வயதில் வேடிக்கை பார்ப்பாளாம். நீளமான மூங்கில், ஒரு முனை சுவரில் ஓட்டைக்குள் செருகியிருக்கும். இந்த முனையில் அவன் ஒரு காலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு குதிப்பான். நடுவில் மாவு. வாத்து முட்டை போட்டுப் பிசைந்தது, கல் மாதிரி இருக்குமாம், கையால் ஆகாது. குதித்துக் குதித்தே அந்தக் கல்லைத் துணியாக்குவான். "கை வலிச்சா உடம்ப உபயோகப்படுத்துடி. கைதானா இருக்கு உன்கிட்ட?"

எழுபத்தைந்தில் இங்கே வந்து இறங்கியபோது ஆயாவுக்கு 29 வயது. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் இருந்தது, இஞ்சி இருந்தது, மீ இல்லை. அதனால் கற்றுக்கொண்டேன் என்கிறது. ஊரில் இருந்தவரைக்கும் ஒரு நாள் பிசைந்ததில்லை, கடையில் வாங்குவதுதான். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பாட்டி, பூட்டி காலத்திலிருந்து வந்த கை என்றுதான் நினைத்திருந்தேன்.

நவம்பர் 23, சனி

மூங்கிலுக்கு எங்கே போவது. முன்னறை ஜன்னல் திரைக் கம்பை இவர் இரண்டடி நீளத்துக்கு அறுத்துக் கொடுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பேசியதற்குப் பிராயச்சித்தம் போலிருக்கிறது. ஜன்னல் இப்போது மொட்டையாக நிற்கிறது.

குதிக்கவில்லை. கம்பின் மேல் இரண்டு முழங்கையையும் வைத்து உடம்பைச் சாய்த்தால் போதும், மாவு படிகிறது. கால் சுற்று திருப்பு, சாய், மறுபடி திருப்பு. ஒரே பக்கம் இழுத்தால் அது தன் நூல்போக்குக்குச் சுருங்கிவிடும், துணி போலவேதான். இடையில் முரண்டு பிடித்தால் பத்து நிமிடம் மூடி வை. கீழே விரித்த துணியின் பூ மாவு வழியாகத் தெரிகிறவரை தேய்க்க வேண்டும்.

தெரிந்தது! ஒரு மூலையில் மட்டும். நீலப் பூ.

தேய்த்ததைக் கொசுவம் மாதிரி மடித்துக் கத்தியால் வெட்டினேன். தூவ மைதா ஆகாது, அது ஈரம் குடித்துப் பசையாகிவிடுகிறது. சோளமாவு தூவினால் பிரிந்து வருகிறது. நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு இரண்டு நிமிடம். கோழி எலும்புச் சாறு ஆயா வீட்டிலிருந்து வந்தது. சின்னவன் இரண்டாம் முறை கேட்டான்.

நவம்பர் 25

ஆயா மீயில் ஒரு வழவழப்பு இருக்கிறது, பல்லுக்குக் கீழே எகிறுகிற மாதிரி. என்னுடையதில் இல்லை. இரண்டு நாள் கெஞ்சிய பிறகு சொன்னது. அப்பளக்காரம்! சீனாக்காரன் ஏதோ காரத்தண்ணீர் ஊற்றுவானாம், இங்கே அது கிடைக்காமல் நாட்டு மருந்துக் கடையில் ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்து இதைப் பிடித்ததாம்.

சின்னவன் தன் கெமிஸ்ட்ரியை அவிழ்த்துவிட்டான். ஆப்ப சோடா பைகார்பனேட்டாம், ஓவனில் ஒரு மணி நேரம் சுட்டால் கார்பனேட் ஆகி வீரியம் கூடுமாம், அதுவும் இந்த வேலைக்கு ஆகுமாம். நம்மிடம் ஓவன் இல்லையடா என்றேன்.

அரை ஸ்பூன் கரைத்து, தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றினேன். மாவு கண் முன்னால் மஞ்சளாகிறது. முட்டையால்தான் அந்த மஞ்சள் என்று நினைத்திருந்தேன். காரம் பட்டதும் மைதாவே நிறம் காட்டுகிறது. அழகு. வாயில் வைத்தால் சோப்பு. அத்தனையும் கொட்டினேன். 200 கிராமுக்கு இரண்டு கிராம் தாண்டக் கூடாதாம். அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் ஆயா.

நவம்பர் 29, வெள்ளி

புயல் என்கிறார்கள். பெயர் ஃபெஞ்சல். பால், மெழுகுவத்தி, முப்பது முட்டை வாங்கினோம். முப்பது எதற்கு என்று இவர் கேட்கவில்லை.

நவம்பர் 30

காற்று. மதியத்திலிருந்தே கரண்ட் இல்லை. திரை இல்லாத ஜன்னல் வழியாகத் தென்னை மரம் ஆடுவது முழுசாகத் தெரிகிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

ராத்திரி முழுக்கக் கொட்டியது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் என்று டிரான்சிஸ்டரில் சொன்னார்கள். கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஆட்களை மீட்டதாம். எங்கள் வாசலில் இரண்டாம் படி வரை தண்ணீர். தைக்கிற அறையில் ஓரமாகக் கசிந்து மெஷின் கால் நனைந்திருக்கிறது. பீரோவில் அந்தத் துணியை மட்டும் எடுத்துப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மேல் தட்டில் வைத்தேன். நகை எங்கே இருக்கிறது என்று இவர்தான் ஞாபகப்படுத்தினார்.

ஆயாவைத் தூக்கி வந்து இங்கே உட்காரவைத்தோம். தானே புயலைவிட இது பரவாயில்லை, அதில் காற்று, இதில் தண்ணீர் என்று தீர்ப்பு சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டது.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஐந்து முட்டை, அரைக் கிலோ மைதா. மழை ஈரத்தை மைதா குடித்திருக்க வேண்டும், எப்போதும் போல் அளந்தும் தளர்ந்து கையில் ஒட்டியது. இரண்டு கைப்பிடி கூடப் போட்டேன். காரம் இரண்டு கிராமுக்கு மாறாக ஒரு சிட்டிகை. வெட்டி, ஈரத் துணிகளுக்கு நடுவே கொடியில் தொங்கவிட்டேன். இவர் பனியன், சின்னவன் டவுசர், மீ, என் நைட்டி.

டிசம்பர் 3

கொடியில் இருந்தது காயவில்லை. புளிப்பு வாடை. எறிந்தோம். இந்த ஊரில் கார்த்திகையில் எதைக் காயவைப்பது? வெட்டினால் அன்றைக்கே தின்றுவிட வேண்டும். பிசியோ மூடியிருக்கிறது. ஒரு விரல்.

டிசம்பர் 8, ஞாயிறு

பெரியவள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். முஷ்டியை மூடிக் காட்டினேன். ஒரு விரல் இடைவெளியை அவள் பார்த்தாள், மூடியதைப் பார்க்கவில்லை. மீ செய்து போட்டேன், இதுவரை செய்ததிலேயே நன்றாக வந்தது. வாத்து முட்டை, பாகூரிலிருந்து இவர் கொண்டுவந்தார். மஞ்சள் கரு பெரிது, மாவு வெண்ணெய் போல் மடிந்தது. "எதுக்கும்மா கையைப் போட்டு இப்படி வருத்திக்கிற" என்று மட்டும் சொன்னாள். சாயந்திர பஸ்ஸில் கிளம்பினாள்.

டிசம்பர் 9

பச்சைத் துணி பீரோவில் இல்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

இவருக்குத் தெரிந்திருக்கிறது. "அங்க நல்ல டெய்லர் இருக்காங்களாம், உனக்கு எதுக்கு பாரம்னு பாசத்துலதான..." என்று இழுத்தார். பாசம்தான். நான் இல்லை என்று சொன்னேனா?

அவள் முதல் பாவாடையிலிருந்து காலேஜ் கடைசி வருஷத்துச் சுடிதார் வரைக்கும் வேறு கை பட்டதில்லை.

ஆறு முட்டை, 600 கிராம். கம்பு இல்லை. முழங்கை இல்லை. கையாலேயே பிசைந்தேன். மாவு திருப்பி அடித்தது, நானும் அடித்தேன். கடிகாரம் பார்த்தால் இருபத்தைந்து நிமிடம். வலித்ததா என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை. இத்தனை நாளில் இப்படி ஒரு மாவு வந்ததில்லை. விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக, கோபித்துக்கொண்டு எழுகிற மாதிரி எழுந்தது. ஆயா கிள்ளிப் பார்த்துவிட்டு, "யார் மேலடி?" என்றது.

தெரு முழுக்கக் கொடுத்தோம்.

டிசம்பர் 13

கார்த்திகை தீபம். இன்று முட்டை கிடையாது. விளக்குத் திரி திரித்தேன். கட்டை விரல் சுண்டு விரலைத் தொட்டது. திரி திரிக்கும்போதுதான் கவனித்தேன், எப்போதிலிருந்து தொடுகிறதோ.

டிசம்பர் 14

பெரியவள் போன். எடுக்கவில்லை.

டிசம்பர் 15

எடுக்கவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

மடித்த மாவைக் கத்தியால் வெட்டும்போது வலது கையில் பிடித்திருந்தேன். பாதி வெட்டிய பிறகுதான் தெரிந்தது. மூன்று மில்லிமீட்டர், ஒன்றுபோல. டேப் வைத்துப் பார்த்தேன், சிரிக்காதீர்கள்.

துணிக் கத்தரியில் மாவை வெட்டலாமே என்று சின்னவன் யோசனை சொன்னான். அதைத் தொட்டால் தெரியும் சேதி என்றேன். துணிக் கத்தரி துணிக்குத்தான். பிறகு மெஷின் அறைக்குப் போய் ஒரு பழைய லைனிங் துணியை மட்டும் ஒரு முழம் வெட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு இடத்தில் பிசிறு.

டிசம்பர் 18, புதன்

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, மறுபடி போன். எடுத்தேன். பெரியவள்தான். குரலில் தயக்கம். அந்த டெய்லர் அளவு ரவிக்கை கேட்கிறாராம், இவளிடம் இருப்பது பழையது, இப்போது இளைத்திருக்கிறாள். "உனக்குத்தான் மனப்பாடமாத் தெரியும். சொல்லும்மா, எழுதிக்கறேன்."

அவள் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தேனே, கண்ணாலேயே அளந்தாகிவிட்டது. உயரம் பதினாலு. மார்பு முப்பத்து மூன்று. இடுப்பு இருபத்தெட்டு. கை நீளம் ஒன்பது. கைக்குழி பதினைந்தரை.

கைக்குழி மட்டும் பதினாறரை என்று சொன்னேன். எழுதிக்கொண்டாள். அந்தப் பக்கம் பென்சில் சத்தம் கேட்டது.

மீயைப் போட்டேன். இரண்டு நிமிடம்.