தண்டவாளத்தோரத்து ஆளுங்க

புத்தகம் வச்சிருந்தாலே குத்தம்னு தேடித் தேடி எரிக்கிற ஒரு ஊரப் பத்தின நாவல், ரே பிராட்பரியோட 'ஃபாரன்ஹீட் 451' (1953). அதப் படிச்சவங்க எல்லாம் எரியுற புத்தகங்களப் பத்தியே பேசுறாங்க. எனக்குப் பிடிச்சது கடைசியில வர்ற நாடோடிக் கூட்டம். ஊரவிட்டுத் தப்பி வந்து, பழைய தண்டவாளத்தோரம் நெருப்புல குளிர் காயுறவங்க. ஆளுக்கொரு புத்தகத்த மனசுல ஏத்திக்கிட்டு, மாட்டிக்கக் கூடாதுன்னு அவங்களே அத எரிச்சிடுறாங்க! ஒருத்தனுக்கு ஏதாச்சும் ஆனா, அவன் சுமந்தத இன்னொருத்தன் சுமக்கணும். பேரு, புகழ் ஒண்ணும் கிடையாது.

கொருக்குப்பேட்டை ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்திருந்தப்ப படிச்சேன். (வண்டி வழக்கம்போல லேட்டு.) எங்க ஏரியா சாவு வீட்டுல விடிய விடிய கானா பாடுற அண்ணனுங்க கையிலயும் தாள் இருக்காது, இவங்கள மாதிரியே எல்லாம் மனசுலதான்.

அதே கதையில புத்தகங்களோட தன்னையும் கொளுத்திக்கிற ஒரு பாட்டியவிட இந்த நாடோடிங்க தியாகம்தான் பெருசுன்னு நான் சொல்றேன். தங்கச்சி ஒத்துக்கவே மாட்டேங்குறா.