பைய தள்ளணும்

நவம்பர் 14

தம்பி போட்டில் கடலுக்குப் போய் 19 நாள். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பது? தம்பியின் கேம் கன்ட்ரோலரை எடுத்தேன்.

பிடிக்கவே தெரியவில்லை. எங்கள் டிவி கேமில் இடது கைக்கு ஒரு கூட்டல்குறி, வலது கைக்கு பி, ஏ இரண்டு பட்டன். இதில் குச்சியே இரண்டு. ஏ, பி, எக்ஸ், ஒய். மேலே விரல் படும் இடத்தில் இன்னும் நாலு. ‘ஆர் 3 அழுத்தவும்’ என்று திரையில் வந்தது. அரை மணி நேரம் தேடினேன். கடைசியில் தம்பி மகன் வந்து வலது குச்சியை அப்படியே உள்ளே அமுக்கிக் காட்டினான்.

நவம்பர் 15

கேமில் வரும் ஆள் குதிக்க வேண்டிய இடத்தில் உருளுகிறான். பழைய பேடில் ஏ வலப்பக்கம். வலது என்றால் குதி என்று 1996-லேயே கட்டைவிரலுக்குப் பதிந்துவிட்டது. இதில் ஏ கீழே போய்விட்டது, அது இருந்த இடத்தில் பி. நின்டெண்டோ பேடில் மட்டும் ஏ இன்றைக்கும் வலப்பக்கம்தான் என்கிறான் பையன். ஒரே பள்ளத்தில் 11 தடவை விழுந்தேன்.

நவம்பர் 16

தலைசுற்றல். கடலில் ஒரு நாள்கூட எனக்கு வந்ததில்லை.

நவம்பர் 18

“பைய தள்ளணும் பெரியப்பா.”

இதைத்தான் நாலு நாளாகச் சொல்கிறான். இன்றுதான் புரிந்தது. பழைய கூட்டல்குறியில் அழுத்தினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. குச்சி அப்படி இல்லை. கொஞ்சம் சாய்த்தால் நடப்பான், முழுக்கச் சாய்த்தால் ஓடுவான். நான் எடுத்ததுமே கடைசி வரைக்கும் தள்ளுகிறேன். அதனால்தான் பாலத்தில் ஒவ்வொரு தடவையும் விளிம்பைத் தாண்டிப் போய்விடுகிறேன். வள்ளத்தில் என்ஜின் பிடியை எடுத்த எடுப்பில் முழுக்கத் திருகுவோமா? கைக்குத் தெரிந்த விஷயம்தான், விரலுக்குத்தான் தெரியவில்லை.

சாயங்காலம் பாலத்தைக் கடந்தேன். பையன் கைதட்டினான். அவன் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

நவம்பர் 19

வயர்லெஸில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 21

கன்ட்ரோலரைக் கட்டிலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஆள் தானாக இடப்பக்கம் நடந்துகொண்டிருக்கிறான். யாரும் தொடவில்லை. நீவாட்டில், கடல் நீரோட்டத்தில், போகிற கட்டுமரம் மாதிரி, மெதுவாக.

இடது குச்சியைத் திருப்பிப் பார்த்தேன். மேல் ரப்பர் ஒரு ஓரத்தில் பிறை மாதிரி தேய்ந்திருக்கிறது. தம்பியின் கட்டைவிரல் தூண்டில் கயிறு இழுத்து இழுத்து அரம் போல இருக்கும். குளச்சலில் மொபைல் கடைப் பையனிடம் காட்டினேன். குச்சிக்கு அடியில் கரி பூசிய தடம் ஒன்று, அதன்மேல் சின்னத் தகடு உரசிக்கொண்டே இருக்கும், கரி தேய்ந்தால் நடுப்புள்ளி தப்பிவிடும் என்றான். காந்தத்தில் வேலை செய்கிற குச்சியும் இப்போது வருகிறதாம், அதில் உரசலே கிடையாது. மாற்றித் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். தம்பி வந்து மாற்றட்டும். செட்டிங்கில் டெட்சோனை, அதாவது குச்சி லேசாக அசைந்தால் கண்டுகொள்ளாத அளவை, கூட்டி வைத்திருக்கிறேன், இப்போது ஆள் நிற்கிறான்.

நவம்பர் 22

காற்று.

நவம்பர் 24

கோட்டாறு சவேரியார் கோவிலில் கொடியேற்றம். திருவிழாவுக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் தம்பி போனான்.

அவன் பாதியில் சேமித்து வைத்திருக்கிற ஆட்டத்தைத் தொடவில்லை. 61 சதவீதத்தில் நிற்கிறது. நான் தனிப் பெயரில்தான் ஆடுகிறேன். ஆனால் அவன் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். கேமரா இரண்டு பக்கமும் தலைகீழ். வலது குச்சியை வலப்பக்கம் தள்ளினால் பார்வை இடப்பக்கம் திரும்புகிறது. “அப்பா எப்பவும் அப்படித்தான்” என்றான் பையன். எனக்கும் மாற்றி வைத்தேன்.

தலைசுற்றல் போய்விட்டது. என்ஜின் பிடியை வலப்பக்கம் தள்ளினால் வள்ளத்தின் அணியம், முன்முனை, இடப்பக்கம்தானே போகும். எட்டு வயதிலிருந்து இரண்டு பேரும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறோம்.

நவம்பர் 25

30 நாள்.

எங்கள் பழைய கேம் கான்ட்ராவில் 30 உயிர் கிடைக்க: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. காலையில் பல் தேய்க்கும்போது கட்டைவிரல் தானாகவே போட்டது.

அதில் அருவி ஒன்று வரும். பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். முன்னால் ஏறுகிறவனோடு திரையும் ஏறும், கீழே நிற்கிறவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவான். இரண்டாவது பேட் எப்போதும் தம்பிக்கு. “அண்ணா நில்லு, நில்லு” என்று கத்துவான். நான் நின்றதே இல்லை.

நவம்பர் 29

2017-ல் இதே ராத்திரிதான் ஓகி புயல். இன்று வானம் தெளிவாக இருக்கிறது. ஆடவில்லை.

டிசம்பர் 1

லட்சத்தீவில் மினிக்காய் பக்கம் தம்பியின் போட்டைப் பார்த்ததாகத் தேங்காய்ப்பட்டணம் போட் ஒன்று சொல்லியிருக்கிறது. பார்த்தது எந்தத் தேதி என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நான்கு பேரிடம் கேட்டேன், நான்கு தேதி.

டிசம்பர் 2

37 நாள். நாளைக்குச் சவேரியார் திருவிழா லீவு. பையன் தூங்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். கோபுரத்தின் உச்சிக்கு இன்னும் ஒரே ஒரு தாவல்தான். பைய தள்ளி விளிம்பு வரைக்கும் வந்துவிடுகிறேன், அப்புறம் விரல் வலப்பக்கம் போய்விடுகிறது.

ஏ கீழே. ஏ கீழே. ஏ கீழே